நாய்க்கும் பூனைக்கும் ஒரு நோட்டு: டெல்டா வீடுகளுக்கான வழிகாட்டி

டாக்டர் முதலில் கேட்பது நாலே கேள்வி. வயசு என்ன, எடை என்ன, கடைசியாக எப்போது ஊசி போட்டீர்கள், பூச்சி மருந்து எப்போது கொடுத்தீர்கள். மாட்டாஸ்பத்திரி வாசலில் நாயைப் பிடித்துக்கொண்டு நிற்பவர்களில் பலர் "போன வருஷம்னு நெனைக்கிறேன்", "ஒரு பதினஞ்சு கிலோ இருக்குங்க" என்றுதான் பதில் சொல்கிறார்கள். அந்த 'நெனைக்கிறேன்' என்ற ஒரு சொல்லால் மருந்தின் அளவு தப்பலாம். போட்ட ஊசியையே மறுபடி போட வேண்டி வரலாம். போடாத ஊசியைப் போட்டதாக நம்பி இருந்துவிடலாம்.

இதைத் தவிர்க்கத்தான் எல்லாவற்றையும் எழுதிவைக்கும் ஒரு நோட்டு வேண்டும். அந்த நோட்டை எழுத உட்காரும்போது ஒன்றை மனசில் வையுங்கள். அதைப் படிக்கப்போவது நீங்கள் அல்ல. நீங்கள் சென்னையிலோ திருப்பூரிலோ இருக்கும் ஒரு ராத்திரியில், உங்கள் நாயைத் தூக்கிக்கொண்டு ஓடப்போகும் பக்கத்து வீட்டுத் தம்பி படிக்கப்போகிறார். அந்த நாயை முன்பின் பார்த்திராத டாக்டர் படிக்கப்போகிறார். அவர்கள் இருவருக்கும் புரிகிற மாதிரி எழுதினால் போதும்.

என்னென்ன வாங்க வேண்டும்

ஒரு பிராணிக்கு ஒரு நோட்டு. இரண்டு நாய்களுக்குச் சேர்த்து ஒரே நோட்டு போடாதீர்கள். ஆறு மாசத்தில் யாருக்கு எந்த மாத்திரை என்று குழம்பிவிடும். கெட்டி அட்டை போட்ட, கோடு போட்ட நோட்டு ஒன்று, பிளாஸ்டிக் பட்டன் ஃபைல் ஒன்று, நோட்டும் ஃபைலும் நுழையும் அளவுக்குப் பெரிய ஜிப் கவர் ஒன்று, பால்பாயின்ட் பேனா ஒன்று. ஜெல் பேனாவும் மை பேனாவும் வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை மாச ஈரத்தில் ஜெல் மை ஊறிப் பரவி, 3 எது 8 எது என்று தெரியாமல் போய்விடும். புதுச் செருப்புப் பெட்டியிலோ மருந்துப் புட்டியிலோ வரும் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டை அந்தக் கவருக்குள் போட்டு வையுங்கள்.

தடுப்பூசி போடும்போது டாக்டர் தரும் ஊசி அட்டையை லேமினேட் செய்துவிடாதீர்கள். அழியாமல் இருக்கட்டும் என்ற நல்லெண்ணத்தில் செய்வதுதான், ஆனால் அடுத்த வருஷ ஊசியை டாக்டர் எழுதவும் முத்திரை குத்தவும் இடமில்லாமல் போகும்.

ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட், மருந்துக் கடை ரசீது ஆகியவற்றில் சில, வழவழப்பான வெப்பத்தாளில் அச்சிட்டு வரும். அந்த எழுத்து சில மாசங்களில் மங்கி, வெறும் வெள்ளைத் தாளாகிவிடும். வெயில் படும் இடத்திலோ பைக் சீட்டுக்கு அடியிலோ இருந்தால் இன்னும் சீக்கிரம் போகும். வாங்கிய அன்றே ஜெராக்ஸ் எடுத்து, அந்த நகலை ஃபைலில் வையுங்கள்.

இடம் எது? தரையோடு ஒட்டிய மர அலமாரி வேண்டாம், கரையான் ஏறும். சுவரைத் தொட்டபடி வைப்பதும் வேண்டாம், மழைக்காலத்தில் சுவர் ஓதம் காகிதத்தில் இறங்கும். ரேஷன் கார்டும் பட்டாவும் எங்கே இருக்கிறதோ, அந்த பீரோவின் மேல் தட்டுதான் சரியான இடம். அவசரத்தில் வீட்டில் எல்லோருக்கும் கை நேராக அங்கேதான் போகும்.

முதல் பக்கம்: இது யார்

பெயர், ஆணா பெண்ணா, பிறந்த தேதி, நிறம், அடையாளங்கள், உங்கள் பெயர், முகவரி, இரண்டு செல்போன் எண்கள். இரண்டாவது எண் வேறு வீட்டில் இருப்பவருடையதாக இருக்கட்டும்.

'பழுப்பு நிற நாட்டு நாய்' என்று எழுதினால் தெருவுக்குப் பத்து நாய் பொருந்தும். மாட்டுக்குச் சொல்வதுபோல நுணுக்கமாகச் சொல்லுங்கள். ஒரு மாதிரி இதோ:

"மணி. ஆண். நாட்டு நாய். செவலை. முன்னங்கால் இரண்டும் முட்டி வரை வெள்ளை. நெஞ்சில் நீளவாக்கில் வெள்ளைத் திட்டு. வால் நுனி வெள்ளை. இடது காது நுனி மடிந்திருக்கும். வலது பின்தொடையில் ஐந்து ரூபாய் நாணய அளவுக்கு முடி முளைக்காத தழும்பு."

இதைப் படித்தால் முன்பின் தெரியாதவரும் கூட்டத்தில் மணியைக் கண்டுபிடித்துவிடுவார்.

பிறந்த தேதிதான் பலருக்குச் சிக்கல். தெருவில் எடுத்த குட்டி, யாரோ கொடுத்த குட்டி என்றால் தேதி தெரியாது. ஆனால் நம்மவர்களுக்கு வேறொரு கணக்கு நினைவில் இருக்கும். "ஆடிப்பெருக்குக்கு மறுநாள் கண்ணு தெறந்துச்சு" என்பார்கள். ஆடி 18 ஆகஸ்ட் 3 வாக்கில் வரும். நாய்க்குட்டி பிறந்து 10 முதல் 14 நாளில் கண் திறக்கும். அப்படியானால் அது பிறந்தது ஜூலை 21-க்கும் 25-க்கும் இடையில். நோட்டில் "ஜூலை 23 வாக்கில், கணக்கிட்டது" என்று எழுதுங்கள். 'கணக்கிட்டது' என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். உறுதியான தேதி எது, மதிப்பீடு எது என்று படிப்பவருக்குத் தெரிய வேண்டும்.

அந்த நினைவும் இல்லையென்றால் பல்லைப் பாருங்கள். பால் பற்கள் எல்லாம் 8 வாரத்துக்குள் வந்துவிடும். முன்பற்கள் விழுந்து நிலைப்பற்கள் வருவது 3 முதல் 5 மாசத்தில். கோரைப்பல் மாறுவது 5, 6 மாசத்தில். ஏழு மாசத்தில் 42 பல்லும் வந்து நின்றுவிடும். அதற்குமேல் பல்லைப் பார்த்துச் சொல்லும் வயசு தோராயம்தான். டாக்டரையே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

போட்டோ ஐந்து எடுங்கள். இடப்பக்கம், வலப்பக்கம், நேர் முகம், பின்பக்கம், தழும்பு அல்லது தனி அடையாளத்துக்கு மட்டும் நெருக்கமாக ஒன்று. காலை வெயிலில், வாசலில், நாயின் உயரத்துக்குக் குனிந்து எடுக்க வேண்டும். நின்றபடி மேலிருந்து எடுத்தால் எல்லா நாயும் ஒரே மாதிரி முதுகாகத்தான் தெரியும். குட்டியாக இருக்கும்போது மாசம் ஒருமுறை புதுசாக எடுங்கள். காணாமல் போன எட்டு மாச நாயைத் தேட இரண்டு மாசக் குட்டி போட்டோ உதவாது. வளர்ந்த பின் வருஷம் ஒருமுறை போதும். பூனைக்கு வால் வளையங்களும் நெற்றிக் கோடும் தெரிய எடுக்க வேண்டும்.

ஊசிப் பக்கம்

இதில் சோம்பல் கூடாது. மற்ற எல்லாப் பக்கத்தையும் விட்டாலும் இதை விடாதீர்கள்.

ஒவ்வொரு ஊசிக்கும் ஆறு விவரம் வேண்டும்: போட்ட தேதி, ஊசியின் பெயர், பேட்ச் எண், அந்த மருந்தின் காலாவதித் தேதி, அடுத்து போட வேண்டிய தேதி, டாக்டரின் கையெழுத்தும் பதிவு எண் உள்ள முத்திரையும். மருந்துக் குப்பியில் ஒட்டியிருக்கும் சிறு ஸ்டிக்கரை உரித்து அட்டையில் ஒட்டித் தரச் சொல்லுங்கள், பேட்ச் எண் அதில்தான் இருக்கும். அதோடு விடாமல், ஸ்டிக்கருக்குப் பக்கத்திலேயே அந்த எண்ணைக் கையாலும் எழுதுங்கள். ஈரத்தில் பசை விட்டு ஸ்டிக்கர் உதிர்ந்தாலும் எண் நிற்கும்.

தேதியை 3/4/25 என்று எழுதாதீர்கள். நாளை முதலில் எழுதும் ஊரும் உண்டு, மாசத்தை முதலில் எழுதும் ஊரும் உண்டு. '3 ஏப்ரல் 2025' என்று மாசத்தை எழுத்தில் எழுதுங்கள். 'அடுத்த வருஷம்' என்றும் எழுதாதீர்கள். முழுத் தேதி எழுதுங்கள்.

நாய்க்குட்டிக்குப் பொதுவான வரிசை இது. ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் கூட்டுத் தடுப்பூசி. டிஸ்டெம்பர், பார்வோ (ரத்தக் கழிச்சல் நோய்), ஈரல் அழற்சி, பாராஇன்ஃபுளுயன்சா, எலிக்காய்ச்சல் ஆகியவற்றுக்குச் சேர்த்துப் போடுவது. அதன்பின் 3, 4 வாரத்துக்கு ஒருமுறை, குட்டிக்கு 16 வாரம் ஆகும்வரை. மூன்று மாசத்தில் ரேபிஸ் ஊசி. பெரும்பாலும் ஒரு மாசம் கழித்து இன்னொன்று. பிறகு வருஷாவருஷம். பூனைக்குட்டிக்கு 8 வாரத்தில் முக்கூட்டு ஊசி, ஒரு மாசத்தில் மறு ஊசி, மூன்று மாசத்தில் ரேபிஸ். நாள்களை உங்கள் டாக்டர் சற்று மாற்றுவார். அவர் சொல்வதே இறுதி.

"நாப்பத்தஞ்சு நாள் ஊசி போட்டாச்சு, அப்புறம் எப்படி பார்வோ வந்துச்சு?" என்று அழுதபடி வருபவர்கள் உண்டு. தாய்ப்பாலில் வந்த எதிர்ப்பாற்றல் குட்டியின் உடம்பில் சில வாரம் நிற்கும். அது இருக்கும்வரை போடும் ஊசி சரியாகப் பிடிக்காது. எந்த நாளில் அது தீரும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். அதனால்தான் 16 வாரம் வரை திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். முதல் ஊசி போட்ட அன்றே மற்ற ஊசிகளின் தேதிகளையும் கேட்டு நோட்டில் எழுதி, எதிரே கட்டம் போட்டு வையுங்கள். காலியாக நிற்கும் கட்டம் கண்ணை உறுத்தும்.

எலிக்காய்ச்சல் ஊசியை டெல்டாவில் அலட்சியம் செய்யக் கூடாது. எலியின் சிறுநீர் கலந்த தேங்கிய நீரில் அந்தக் கிருமி உயிரோடு இருக்கும். வயலிலும் வாய்க்காலிலும் இறங்கும் நாய்க்கு ஆபத்து அதிகம். நாயிடமிருந்து மனிதருக்கும் தொற்றும். இதன் பாதுகாப்பு ஒரு வருஷத்துக்குமேல் நம்பத் தகுந்ததல்ல. உங்கள் நாயின் வருஷாந்திர ஊசி கார்த்திகையில் வருகிறதென்றால், வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே, ஆவணி, புரட்டாசிக்கு நகர்த்திக்கொள்ளலாமா என்று டாக்டரைக் கேளுங்கள்.

செப்டம்பர் 28 உலக ரேபிஸ் நாள். அதையொட்டி இலவச முகாம்கள் நடப்பதுண்டு. முகாமில் கூட்டம் அதிகம். சிறு சீட்டு ஒன்றைக் கிழித்துக் கொடுப்பார்கள், அது சட்டைப் பையோடு துவைக்கப் போய்விடும். முகாமுக்கே ஊசி அட்டையை எடுத்துச் செல்லுங்கள். மறந்துவிட்டால் அந்த வாரமே சீட்டோடு மருந்தகத்துக்குப் போய் அட்டையில் ஏற்றி முத்திரை வாங்கிவிடுங்கள். ஆறு மாசம் கழித்துப் போய்க் கேட்டால் யாருக்கும் நினைவிருக்காது.

மருந்துக் கடையில் வாங்கித் தெரிந்தவர் யாரையாவது வைத்துப் போட்ட ஊசிக்குச் சான்றுக்குரிய மதிப்பு இல்லை. மருந்துக்கே மதிப்பு இருக்கிறதா என்பதும் சந்தேகம். தடுப்பூசி 2 முதல் 8 டிகிரி குளிரில் இருந்தாக வேண்டும். கரண்ட் போய்க் கிடந்த ஃபிரிட்ஜிலிருந்து வந்த குப்பி பார்க்க அப்படியேதான் இருக்கும், வேலை செய்யாது.

ஊசி போட்ட சில மணி நேரத்தில் முகம் வீங்கியது, தடிப்பு வந்தது, வாந்தி எடுத்தது என்றால் முதல் பக்கத்தின் மேலேயே சிவப்பு மையில் எழுதுங்கள். அடுத்த முறை ஊசிக்கு முன் டாக்டர் பார்க்க வேண்டிய முதல் வரி அதுதான்.

எடையும் பூச்சி மருந்தும்

எடையை மாசம் ஒருமுறை எழுதுங்கள். குட்டியென்றால் வாரம் ஒருமுறை. நாயைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் ஏறுங்கள், பிறகு நீங்கள் மட்டும் ஏறுங்கள். 58.6 கிலோவில் 44.4 கழித்தால் நாய் 14.2 கிலோ. முள் காட்டும் பழைய மெஷின் ஒரு கிலோவரை ஏமாற்றும், டிஜிட்டல் நல்லது. எப்போதும் ஒரே மெஷினில் பாருங்கள். சின்னக் குட்டியை அன்னக்கூடையில் உட்காரவைத்து, காய்கறி நிறுக்கும் தராசில் வைத்து, கூடையின் எடையைக் கழித்துவிடலாம்.

பத்து கிலோவுக்கு ஒரு மாத்திரை என்று வரும் பூச்சி மாத்திரையை 14.2 கிலோ நாய்க்கு ஒன்றரையாகக் கொடுக்க வேண்டும். "பெரிய நாய்தானே" என்று ஒன்று மட்டும் கொடுத்தால் புழு முழுதாகச் சாகாது. குட்டிக்கு இரண்டு வாரத்தில் தொடங்கி, எட்டு வாரம் வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. ஆறு மாசம் வரை மாசம் ஒருமுறை. பிறகு மூன்று மாசத்துக்கு ஒருமுறை. ஒவ்வொரு வரியிலும் தேதி, அன்றைய எடை, மருந்தின் பெயர், கொடுத்த அளவு நாலும் இருக்கட்டும். கொடுத்த அரை மணியில் வாந்தியெடுத்துவிட்டால் அதையும் எழுதுங்கள்.

உண்ணி மருந்துக்கும் இதே முறை. பெட்டியில் அச்சிட்ட எடை வரம்பையும் சேர்த்து எழுதுங்கள். வீட்டில் பூனையும் இருந்தால் ஒரு எச்சரிக்கை: நாய்க்கான உண்ணி மருந்துகள் சிலவற்றில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி இருக்கும், பூனைக்கு அது நஞ்சு. பூனை நோட்டின் முதல் பக்கத்திலேயே 'நாய் மருந்து போடக் கூடாது, பாராசிட்டமால் கொடுக்கவே கூடாது' என்று எழுதிவையுங்கள். காய்ச்சல் என்று பாதி மாத்திரை கொடுத்துப் பூனையைப் பறிகொடுத்த வீடுகள் இருக்கின்றன. நாய்க்கு எப்போதாவது வலிப்பு வந்திருந்தால் அதுவும் முதல் பக்கத்தில் வேண்டும். சில உண்ணி மாத்திரைகள் அதற்கு ஆகாது.

பெட்டை நாய் என்றால் பருவம் வந்த முதல் நாளைக் குறியுங்கள். இணை சேர்ந்தால் அந்தத் தேதியும். ஏறத்தாழ 63 நாளில் குட்டி போடும். குட்டிக்காக மட்டுமல்ல இந்தக் குறிப்பு. பருவம் முடிந்த சில வாரங்களில் தண்ணீர் அதிகம் குடித்து, சாப்பிடாமல் சோர்ந்து படுத்தால் கருப்பையில் சீழ் கட்டியிருக்கலாம். "எப்போது பருவம் வந்தது?" என்று டாக்டர் கேட்பதற்கு இதுதான் காரணம். கருத்தடை செய்துவிட்டால் ஆபரேஷன் தேதி, கொடுத்த மயக்க மருந்து, தெளிய எவ்வளவு நேரமானது என்பதை எழுதிக்கொள்ளுங்கள்.

நோய்ப் பக்கம்

நல்ல உடம்போடு இருக்கும்போதே இயல்பு நிலையை ஒரு நாள் எழுதிவையுங்கள். நாயின் இயல்பான வெப்பநிலை 100.5 முதல் 102.5 ஃபாரன்ஹீட்; நமக்குக் காய்ச்சல் என்பது அதற்கு இயல்பு. டிஜிட்டல் தெர்மாமீட்டர் முனையில் வாசலின் தடவி, ஆசனவாயில் இரண்டு சென்டிமீட்டர் விட்டுப் பார்க்க வேண்டும். தூங்கும்போது மூச்சு நிமிஷத்துக்கு 30-க்குள் இருக்கும். ஈறு ரோஸ் நிறத்தில் இருக்கும், விரலால் அழுத்தி எடுத்தால் இரண்டு விநாடிக்குள் நிறம் திரும்பும். சில நாய்களுக்கு ஈறே கருப்பு. அப்படியென்றால் கீழ் இமையின் உள்பக்கத்தைப் பார்த்து எழுதுங்கள்.

நோய் வந்த நாளில் நேரம் போட்டு எழுத வேண்டும். இப்படி:

"காலை 6. சோறு தொடவில்லை. தண்ணீர் குடித்தது. பகல் 11. மஞ்சள் நுரையாக வாந்தி, ஒருமுறை. மாலை 4. மூத்திரம் காப்பி டிகாஷன் நிறம். ஈறு வெளுத்திருக்கிறது. 104.2. காதுக்குள் உண்ணி நாலு எடுத்தோம். பத்து நாளுக்கு முன் வாய்க்காலில் குளித்தது."

"நேத்துலேர்ந்து டல்லா இருக்கு டாக்டர்" என்று சொல்வதையும் இந்தக் குறிப்பையும் ஒப்பிட்டுப் பாருங்கள். டிகாஷன் நிற மூத்திரமும் வெளுத்த ஈறும் உண்ணியும் சேர்ந்தால் ரத்த அணுவை அழிக்கும் உண்ணிக் காய்ச்சலை டாக்டர் நினைப்பார். வாய்க்கால் என்றதும் எலிக்காய்ச்சலையும் சேர்த்துப் பார்ப்பார். ரத்தம் எடுக்க அரை நாள் தாமதிக்க மாட்டார்.

நீங்களாகக் கொடுத்த மருந்தையும் மறைக்காமல் எழுதுங்கள். கொடுத்தது தவறாகவே இருந்தாலும், மறைத்தால் அதன்மேல் இன்னொரு மருந்து ஏறி சிறுநீரகத்தைக் கெடுக்கும். டாக்டர் சீட்டைப் பார்த்து மருந்தின் பெயரை எழுதும்போது புரியாவிட்டால், மாத்திரை அட்டையையே ஒரு போட்டோ எடுத்துவிடுங்கள். ரத்தப் பரிசோதனையில் தட்டணு, ஹீமோகுளோபின், கிரியாட்டினின் மூன்றையும் தேதி வாரியாக ஒரே பக்கத்தில் வரிசையாக எழுதுங்கள். ஒரு ரிப்போர்ட்டில் தெரியாத ஏற்ற இறக்கம் மூன்றை அடுத்தடுத்து வைத்தால் தெரியும்.

உள்ளூர் டாக்டர் ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் போகச் சொன்னால், கடைசிச் சீட்டை மட்டும் எடுத்துப்போகாதீர்கள். ஃபைல் முழுதும், எக்ஸ்ரே ஃபிலிம் உள்பட, போக வேண்டும். ஃபிலிமை மடிக்கவோ சுருட்டவோ வேண்டாம்.

வாசலுக்கு உள்பக்கம் ஒட்ட ஒரு தாள்

நோட்டைப் புரட்ட நேரமில்லாத வேளைக்கு இது. பிராணியின் பெயர், எடை, ஆகாத மருந்து, கடைசி ரேபிஸ் ஊசித் தேதி, வழக்கமான டாக்டர் எண், ராத்திரியில் வரக்கூடிய டாக்டர் எண், உங்கள் எண், கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962.

அதன் கீழே இரண்டு வரி. விஷம் தின்றது தெரிந்தால் அந்தப் பாக்கெட்டையும் கையோடு எடுத்துப் போக வேண்டும். எலி மருந்து என்று பொதுவாகச் சொன்னால் போதாது. ரத்தம் உறையாமல் செய்யும் கேக் வகைக்கு மாற்று மருந்தாக வைட்டமின் கே1 உண்டு, ஜிங்க் பாஸ்பைடு பொடிக்கு அப்படி ஒன்று கிடையாது. வயலுக்கு வாங்கிய பூச்சிக்கொல்லியென்றால் டப்பாவின் லேபிளைப் போட்டோ எடுத்தாலும் போதும். பாம்பு கடித்திருந்தால் கடித்த நேரத்தை எழுதிக்கொண்டு உடனே கிளம்ப வேண்டும். பாம்பைத் தேடி அடிக்கப் போய் நேரத்தைக் கடத்த வேண்டாம்.

உங்கள் நாய் யாரையாவது கடித்துவிட்டால் முதலில் காயத்தை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவச் செய்யுங்கள். கடிபட்டவர் அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போக வேண்டும். உங்களிடம் ஊசி அட்டை இருக்கிறது என்பதற்காக அவர் ஊசியைத் தள்ளிப்போடக் கூடாது. அட்டையின் நகலை அவரிடம் கொடுங்கள். நாயைக் கட்டிவைத்துப் பத்து நாள் கவனித்து, தினமும் ஒரு வரி எழுதுங்கள்: சாப்பிட்டதா, தண்ணீர் குடித்ததா, குரல் மாறியதா, நடத்தை மாறியதா. அந்தப் பத்து வரி அவருடைய சிகிச்சையைத் தீர்மானிக்கும் டாக்டருக்கு வேண்டும். ஊரில் மனஸ்தாபம் வளராமல் இருக்கவும் அது உதவும்.

சிப், உரிமம், பயணம்

மைக்ரோசிப் என்பது நெல்மணியைவிடச் சற்றே பெரியது, 12 மில்லிமீட்டர் நீளம். தோள்பட்டைகளுக்கு நடுவே தோலுக்கடியில் ஊசியால் ஏற்றுவார்கள். அது நாய் எங்கே இருக்கிறது என்று காட்டாது. ஸ்கேனர் வைத்தால் 15 இலக்க எண்ணை மட்டும் காட்டும். அந்த எண்ணை உங்கள் பெயரோடும் போன் நம்பரோடும் பதிவு செய்திருந்தால்தான் பயன். போன் நம்பர் மாறினால் பதிவிலும் மாற்ற வேண்டும். இதைத்தான் பெரும்பாலோர் மறக்கிறார்கள். ஏற்றுவதற்கு முன் ஒருமுறை, ஏற்றியபின் ஒருமுறை ஸ்கேன் செய்து, எண் அட்டையில் இருப்பதோடு ஒத்துப்போகிறதா என்று எண்ணி எண்ணிப் பாருங்கள். சிப்போடு வரும் பார்கோடு ஸ்டிக்கர்களில் ஒன்று ஊசி அட்டைக்கு, ஒன்று நோட்டுக்கு. சிப் சில சமயம் தோளுக்கு இறங்கிவிடும். வருஷாந்திர ஊசிக்குப் போகும்போது ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள்.

சிங்கப்பூர், வளைகுடா, ஐரோப்பா என்று வேலைக்குப் போகிறவர்கள் நிறைந்த மண் இது. நாயையும் கூட்டிப்போகும் எண்ணம் இருந்தால் சிப் முதலில், ரேபிஸ் ஊசி பிறகு என்ற வரிசையை நினைவில் வையுங்கள். சிப்புக்கு முன் போட்ட ரேபிஸ் ஊசியை ஐரோப்பிய நாடுகள் ஏற்பதில்லை. திரும்பப் போட்டு, காத்திருக்கவேண்டி வரும். ரத்தத்தில் எதிர்ப்பாற்றல் அளவு மில்லிக்கு 0.5 யூனிட்டுக்குக் குறையாமல் இருக்கிறதா என்ற பரிசோதனையையும் பல நாடுகள் கேட்கும். மாசக்கணக்கில் முன்பே தொடங்க வேண்டிய வேலை.

ரயிலில் ஏசி முதல் வகுப்பில் கூப்பே எனும் தனி அறை முழுவதையும் எடுத்தால் நாய் உங்களோடு வரலாம். இல்லையென்றால் கார்டு வேனில் உள்ள நாய்ப் பெட்டியில்தான். ஊசி அட்டையோடு, புறப்படுவதற்கு முந்தைய 24 முதல் 48 மணி நேரத்துக்குள் வாங்கிய உடல்தகுதிச் சான்றும் வேண்டும். ஒரு வாரம் முன்பே வாங்கிவைத்தால் பார்சல் ஆபீஸில் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

மாநகராட்சி, நகராட்சி எல்லைக்குள் இருப்பவர்கள் நாய் வளர்ப்பு உரிமம் பற்றி அந்த அலுவலகத்திலேயே விசாரியுங்கள். கேட்கும் காகிதங்களில் ரேபிஸ் ஊசிச் சான்றும் முகவரிச் சான்றும் இருக்கும். வீட்டில் மாடோ ஆடோ இருந்தால் காதில் மாட்டிய மஞ்சள் தோட்டின் 12 இலக்க எண்ணைத் தனி நோட்டில் எழுதிவையுங்கள். தோடு அறுந்து விழுவது சகஜம். பச்சைக்கிளி, நட்சத்திர ஆமை ஆகியவற்றை வீட்டில் வைப்பது 1972 வனவிலங்குச் சட்டப்படி குற்றம். அவற்றுக்கு நோட்டுப் போட்டு ஆகப்போவது ஒன்றுமில்லை, வனத்துறையிடம் ஒப்படையுங்கள்.

குட்டியை யாருக்காவது கொடுத்தாலோ வாங்கினாலோ வெள்ளைத் தாளில் நாலு வரி எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள்: தேதி, அடையாளம், சிப் எண் இருந்தால் அது, இதுவரை போட்ட ஊசிகள். அசல் ஊசி அட்டை குட்டியோடு போகட்டும். நகல் உங்களிடம் இருக்கட்டும்.

செல்போனிலும் ஒன்று

2018 நவம்பர் 16 கஜா புயலில் நாகை, திருவாரூர், தஞ்சை பக்கம் ஓடு பறந்து கூரை போன வீடுகளில் பீரோவுக்குள்ளும் தண்ணீர் புகுந்தது. காகிதம் மட்டும் என்று இருந்துவிடக் கூடாது. ஒவ்வொரு பக்கமும் எழுதிய அன்றே போட்டோ எடுங்கள். கல்யாண போட்டோக்களுக்கு நடுவே தொலையாமல் இருக்கத் தனி ஃபோல்டர் போட்டு, கோப்புப் பெயரை '2025-04-03 மணி ரேபிஸ்' என்று வருஷம், மாசம், நாள் வரிசையில் வையுங்கள். தானாகவே தேதிவாரியாக அடுக்கிக்கொள்ளும். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது போட்டோவாக அனுப்பினால் சுருங்கி, பேட்ச் எண் படிக்க முடியாமல் போகும், டாக்குமென்டாக அனுப்புங்கள். வெளியூரில் இருக்கும் ஒரு உறவினரிடமும் ஒரு படி இருக்கட்டும். புயல் எச்சரிக்கை வந்ததும் கட்ட வேண்டிய பையில் ஜிப் கவர், கழுத்துப் பட்டை, சங்கிலி மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும்.

நினைவூட்டலுக்கு செல்போன் அலாரத்தை மட்டும் நம்பாதீர்கள். போன் மாறினால் போய்விடும். கூடத்தில் மாட்டியிருக்கும் மாசக் காலண்டரில் தேதியை வட்டமிட்டு 'மணி ஊசி' என்று எழுதுங்கள். வீட்டில் யாராவது ஒருவர் கண்ணில் படும். புதுக் காலண்டர் மாட்டும் அன்றே பழையதில் இருக்கும் தேதிகளைப் புதியதற்கு மாற்றிவிடுங்கள்.

கடைசிப் பக்கம்

பிராணி இறந்துவிட்டால் நோட்டைத் தூக்கி எறிய மனசு வராது, திறந்து பார்க்கவும் மனசு வராது. ஒரு வரி மட்டும் எழுதிவிடுங்கள்: தேதி, என்ன காரணம் என்று டாக்டர் சொன்னார். ரேபிஸாக இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால் யாருக்கும் சொல்லாமல் புதைத்துவிடாதீர்கள். அரசுக் கால்நடை டாக்டருக்குத் தகவல் சொல்லி, அதன் எச்சில் பட்ட அத்தனை பேரையும், குழந்தைகள் உள்பட, அன்றே சுகாதார நிலையத்துக்கு அனுப்புங்கள். யார் யார் என்ற பட்டியலையும் அந்தப் பக்கத்திலேயே எழுதுங்கள்.

பார்வோ என்றால் இன்னொரு குறிப்பு வேண்டும். அந்தக் கிருமி தரையிலும் சாக்கிலும் தட்டிலும் மாசக்கணக்கில் சாகாமல் கிடக்கும். சிமெண்டுத் தரையையும் தட்டையும் முதலில் சோப்புப் போட்டுக் கழுவி, பிறகு ஒரு பங்கு ப்ளீச் திரவத்துக்கு 30 பங்கு தண்ணீர் கலந்து ஊற்றிப் பத்து நிமிஷம் விட வேண்டும். மண் தரைக்கு இது பலிக்காது. படுத்த சாக்கை எரித்துவிடுங்கள். அந்த வீட்டுக்கு அடுத்து வரும் குட்டி, 16 வாரம்வரை உள்ள எல்லா ஊசியையும் வேறு வீட்டில் வைத்துப் போட்டு முடித்துவிட்டு வரட்டும். ஒரு வருஷம் கழித்து ஆசையோடு புதுக்குட்டி தூக்கி வருபவர் உங்கள் பிள்ளையாகவே இருக்கலாம். பழைய நோட்டின் அந்தக் கடைசி வரியை அவர் படிக்கும்படி, புது நோட்டின் முதல் பக்கத்தில் எடுத்து எழுதிக் கொடுங்கள்.